ஊடுபுள்ளி

கோலப் புத்தகங்களில் படத்தின் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும்: 15 புள்ளி, 8 முடிய, ஊடுபுள்ளி. கோலமிடத் தெரிந்தவர்களுக்கு அவ்வளவு போதும். நடுவில் 15 புள்ளிகள் கொண்ட வரிசை ஒன்றை வைத்து, அதற்கு மேலும் கீழும், முன் வரிசையின் இரண்டிரண்டு புள்ளிகளுக்கு ஊடே ஒவ்வொரு புள்ளியாக 14, 13, 12 என்று குறைத்துக்கொண்டே போய், 8 வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தால், யாரும் கோணமானி வைத்து அளக்காமலே, பக்கத்துக்கு 8 புள்ளி கொண்ட அறுகோணம் ஒன்று தரையில் குறைவற அமைந்திருக்கும். மொத்தப் புள்ளிகளைக் கூட்டினால் 169. அது 13இன் வர்க்கம். அதோடு, 8இன் கனமாகிய 512இலிருந்து 7இன் கனமாகிய 343ஐக் கழித்தால் வரும் மிச்சமும் அதுவே.

இந்த இரண்டு செய்திகளும் பார்வைக்கு ஒரே ரகமானவை. ஆனால் முதலாவது வெறும் தற்செயல், இரண்டாவது நியதி. 7 புள்ளி, 4 முடிய என்று சிறிய கோலத்தைப் போட்டால் 37 புள்ளிகள் வருகின்றன. 37 எந்த எண்ணின் வர்க்கமும் அல்ல, ஆனால் 64இலிருந்து 27 போனால் 37தான். 1, 7, 19, 37, 61 என்று வளரும் இந்த அறுகோண எண்களை முதலிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் 1, 8, 27, 64, 125 என்று கனங்களே வரிசையாக வருகின்றன. காரணத்தைக் கண்ணாலேயே கண்டுவிடலாம்: சிறு கனசதுரங்களை அடுக்கிச் செய்த பெரிய கனசதுரம் ஒன்றின் ஒரு மூலையை நமக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தால், அம்மூலையில் கூடும் மூன்று முகங்களும் சேர்ந்து அறுகோணமாகவே தோற்றமளிக்கின்றன, அந்த மூன்று முகங்களையும் ஓர் அடுக்கு உரித்தெடுத்தால் ஒரு கோலத்தின் புள்ளித்தொகை கையில் வருகிறது, உள்ளே ஒருபடி சிறிய கனசதுரம் எஞ்சி நிற்கிறது. எண்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் தற்செயலையும் நியதியையும் ஒரே தட்டில் வைத்து வியப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வியப்புக்குரிய பொருளுக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை அவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் என்பது என் துணிபு.

கோலத்தில் நான் கவனிக்க விரும்புவது இன்னும் எளிய ஒன்று. புள்ளி வைக்கிற கை, முழு அறுகோணத்தையும் மனத்தில் வரைந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியின் ஸ்தானத்தையும் அதிலிருந்து கணிப்பதில்லை. முன்னே இட்ட இரண்டு புள்ளிகளைப் பார்க்கிறது, அவற்றின் ஊடே மூன்றாவதை வைக்கிறது. முன்னிரண்டைப் பார்த்து மூன்றாவதை நிர்ணயிக்கும் இந்த அற்பமான விதி, கவிகளின் யாப்பிலும், ஐங்கோணத்தின் மூலைவிட்டத்திலும், தென்னையின் குருத்திலும், ஒன்றோடொன்று யாதொரு சம்பந்தமும் இல்லாதவைபோல் தோன்றும் இடங்களிலெல்லாம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

முதலில் யாப்பு. சம்ஸ்கிருதத்திலும் பிராகிருதத்திலும் குறுகிய அசை லகு, அதற்கு ஒரு மாத்திரை. நீண்ட அசை குரு, அதற்கு இரண்டு. இத்தனை மாத்திரைக்குள் அடங்கும் ஓர் அடியை லகுவும் குருவுமாக எத்தனை விதத்தில் அமைக்கலாம் என்பது சந்தஸ் சாஸ்திரிகளின் கேள்வி. ஒரு மாத்திரைக்கு ஒரே விதம். இரண்டுக்கு, இரண்டு லகு அல்லது ஒரு குரு என்று இரண்டு விதம். மூன்றுக்கு மூன்று. நான்கு மாத்திரைக்கு நான்கு விதம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடத் தோன்றும். எழுதிப் பார்த்தால், நான்கும் லகு, குருவை முதலிலோ நடுவிலோ இறுதியிலோ வைத்து மற்ற இரண்டும் லகு, இரண்டும் குரு என்று ஐந்து விதம் வருகிறது. ஐந்துக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. இதன் காரணத்தை, ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் விரஹாங்கர் பிராகிருதத்தில் குறித்தார். அவருக்கு உரை செய்த கோபாலர் அதை எண்களோடு விளக்கினார். கூர்ஜர தேசத்து ஜைன ஆசாரியரான ஹேமசந்திரர் 1150ஆம் ஆண்டையொட்டித் தம் சந்தோனுசாசனத்தில் திரும்பவும் தெளிவாக எடுத்துரைத்தார். அடியின் இறுதி அசை ஒன்று லகுவாக இருக்கவேண்டும், இல்லையேல் குருவாக இருக்கவேண்டும். லகுவானால் அதற்கு முன்னுள்ள பகுதி ஒரு மாத்திரை குறைந்த அடி, குருவானால் இரண்டு மாத்திரை குறைந்த அடி. ஆகையால் எந்த அடியின் கணக்கும் அதற்கு முந்திய இரண்டு அடிகளின் கணக்கைக் கூட்டியதற்குச் சமம். 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89 என்று உலகம் இன்று பீசா நகரத்து லியோனார்டோவின் பெயரால், அதாவது ஃபிபொனாச்சி என்ற பெயரால், வழங்கும் வரிசை இதுவே. அவர் 1202ஆம் ஆண்டில் தம் கணித நூலில் அதை முயல்களின் பெருக்கமாகக் காட்டி, ஓராண்டு முடிவில் 377 ஜோடி என்று விடை சொன்னார். சாகாத முயல்கள் மாதம் தவறாமல் ஒரு ஜோடியை ஈனும் அந்தக் கணக்கு இயற்கையைக் கண்டு சொன்னதன்று. முன்னுரிமை யாருக்கு என்ற வழக்கில் எனக்கு உற்சாகம் இல்லை. ஆனால், இந்த வரிசை ஒரு செவியின் தேவையிலிருந்து, பாட்டின் அடிக்குள் எத்தனை நடை ஒளிந்திருக்கிறது என்று அறியும் ஆசையிலிருந்து பிறந்தது என்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருக்கிறது.

இதே சாஸ்திரத்தில் பிங்களரின் சூத்திரங்களுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரையெழுதிய ஹலாயுதர், மேருப் பிரஸ்தாரம் என்ற கட்டங்களின் மலையை வர்ணிக்கிறார். உச்சியில் ஒரு கட்டம், அதன் கீழே இரண்டு, அதன் கீழே மூன்று என்று ஊடுபுள்ளி முறையிலேயே கட்டங்கள் இறங்குகின்றன. ஓரங்களில் ஒன்று, மற்ற ஒவ்வொரு கட்டத்திலும் அதன் தலைமேலுள்ள இரண்டு கட்டங்களின் கூட்டுத்தொகை. ஐரோப்பா பிற்காலத்தில் பாஸ்கலின் முக்கோணம் என்று பெயரிட்ட இந்த மலையைக் குறுக்கே சாய்வாக வெட்டிக் கூட்டினால் மீண்டும் 1, 2, 3, 5, 8 வருகின்றன. அது மாயம் அல்ல. ஐந்து மாத்திரை அடியில் குருவே இல்லாதது ஒன்று, ஒரு குரு உள்ளவை நான்கு, இரு குரு உள்ளவை மூன்று. அந்த 1, 4, 3 ஆகியவை மலையின் ஒரு சாய்வுக் கோட்டில் வரிசையாக வீற்றிருக்கின்றன.

இந்த எண்களை வடிவமாக்குவதற்கு ஒரு கட்டத் தாளே போதும். 1, 1, 2, 3, 5, 8 என்ற பக்கங்களைக் கொண்ட சதுரங்களை, ஒவ்வொன்றும் முன்னவற்றைச் சுற்றிக்கொண்டு போகுமாறு ஒட்டவைத்தால், இடைவெளியே இல்லாத நீள்சதுரம் ஒன்று அமைகிறது, அதன் பக்கங்கள் 8, 13, பரப்பு 104, சதுரங்களின் பரப்பாகிய 1, 1, 4, 9, 25, 64 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 104. மேலும் மேலும் சதுரங்களைச் சேர்க்கச் சேர்க்க நீள அகலங்களின் விகிதம் 1.618 என்று தொடங்கும் ஒரு முடிவிலா எண்ணை நெருங்குகிறது. ஒழுங்கான ஐங்கோணத்தின் மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதமும் அதுதான். ஐந்து மூலைவிட்டங்களையும் வரைந்தால் நட்சத்திரமும், அதன் நடுவில் தலைகீழான சிறிய ஐங்கோணமும், அதற்குள் மீண்டும் ஒரு நட்சத்திரமும் என்று முடிவில்லாமல் உள்ளே இறங்கலாம். அப்படி இறங்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் மூலைவிட்டம் என்பது பக்கமும் உள் ஐங்கோணத்தின் மூலைவிட்டமும் கூடியதாகவே இருக்கும். இங்கேயும் இரண்டு சேர்ந்து மூன்றாவது. பிராஹா நகரில் 1611ஆம் ஆண்டில், தம் நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாக, பனித்துகளுக்கு ஏன் ஆறு முனை என்று ஆராய்ந்து சிறு நூல் எழுதிய கெப்ளர், போகிற போக்கில் 5க்கு 8, 8க்கு 13, 13க்கு 21 என்ற விகிதங்கள் ஐங்கோணத்தின் விகிதத்தை நெருங்குவதைக் குறிப்பிட்டு, தாவரங்களின் ஐந்திதழ்ப் பூக்களோடு அதைச் சம்பந்தப்படுத்தினார். கோள்களின் பாதையைக் கண்டறிந்த அந்தக் கண், ஒரு பூவிடமும் அதே சிரத்தையோடு நின்றிருக்கிறது.

இனி, தென்னை. நன்கு வளர்ந்த தென்னை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு மட்டை விடுகிறது; ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. இப்போது விரிந்த மட்டைக்கு அடுத்த மட்டை அதன் பக்கத்தில் வருவதில்லை. மரத்தைச் சுற்றி 137½ பாகைக்குக் கிட்டத்தட்டத் தள்ளி, ஏறக்குறைய எதிர்ப்புறமாக வருகிறது. ஆகவே முற்றிய குலையை வெட்டியவர், அதற்கு அடுத்து முற்றப்போகும் குலையைக் காண மரத்தின் மறுபுறம் நகரவேண்டியிருக்கிறது. ஆனால் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவன் கண்ணுக்கு இந்தக் காலக்கிரமம் தெரிவதில்லை. மட்டைகள் ஐந்து சுழிகளாக முறுக்கிக்கொண்டு ஏறுவதுதான் தெரியும். ஒவ்வொரு சுழியிலும் அடுத்தடுத்து இருப்பவை ஐந்தைந்து மாத வித்தியாசமுள்ள மட்டைகள்.

ஏன் ஐந்து? கணக்கு வெகு எளிது; அதைத் தாளில் போட்டுப் பார்க்கும் சுகத்தை யாரும் இழக்கலாகாது. ஒரு மட்டையிலிருந்து மூன்றாவது மட்டைக்குப் போக 412½ பாகை திரும்பவேண்டும். ஒரு முழுச் சுற்றாகிய 360ஐத் தள்ளினால், புறப்பட்ட இடத்தைத் தாண்டி 52½ பாகை. ஐந்தாவது மட்டைக்கு 687½. இரண்டு சுற்றுக்கு 32½ குறைவு. எட்டாவதற்கு 1100, மூன்று சுற்றைத் தாண்டி 20. பதின்மூன்றாவதற்கு ஐந்து சுற்றுக்கு 12½ குறைவு. இருபத்தொன்றாவதற்கு எட்டுச் சுற்றைத் தாண்டி 7½. ஒருமுறை தாண்டுவதும் மறுமுறை எட்டாமல் நிற்பதுமாக, புறப்பட்ட இடத்தை மாறி மாறி இருபுறமிருந்தும் நெருங்கிக்கொண்டே வருகிற மட்டைகளின் எண்கள் 3, 5, 8, 13, 21. சுற்றுகளின் எண்களும் 1, 2, 3, 5, 8. நெருங்கும் கோணங்களைப் பாருங்கள்: 52½இல் 32½ போனால் 20, 32½இல் 20 போனால் 12½, 20இல் 12½ போனால் 7½. எண்கள் கூடிக்கொண்டு ஏறுகிற விதியே, கோணங்கள் குறைந்துகொண்டு இறங்குகிற விதியுமாகிறது. ஒரு மட்டைக்கு நெருங்கிய அயலவர் யார் என்பதை மரத்தின் பருமனும் மட்டைகளின் நெருக்கமும் தீர்மானிக்கின்றன. ஆனால் எவர் வந்தாலும் அவர் இந்த வரிசையிலிருந்தே வந்தாகவேண்டும்.

கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய டி. ஆன்டனி டேவிஸ் பனைக் குடும்பத்து மரங்களின் சுழிகளை எண்ணி 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கவேண்டும். கமுகில் ஒரே சுழி, சர்க்கரைப் பனையில் இரண்டு, நம் பனையில் மூன்று, தென்னையில் ஐந்து, எண்ணெய்ப் பனையிலும் ஈச்ச மரத்திலும் எட்டு, கானரித் தீவுகளின் பருத்த ஈச்ச இனத்தில் பதின்மூன்று. ஒரு குடும்பத்து மரங்கள் ஹேமசந்திரரின் வரிசையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. தென்னையில் சில மரங்கள் இடஞ்சுழியாகவும் சில வலஞ்சுழியாகவும் இருப்பதை டேவிஸ் அதற்கு முன்பே ஆராய்ந்து, இடஞ்சுழி மரத்தின் நெற்று இடஞ்சுழிக் கன்றையே தரும் என்ற நிச்சயம் இல்லை, இந்தக் குணம் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வழிவழி வருவதில்லை என்று 1962இல் அறிவித்திருந்தார். எனக்கு இது மிக ஆழமான செய்தியாகப் படுகிறது: எந்தத் திசையில் சுழல்வது என்பது விதைக்குள் எழுதப்படவில்லை, ஆனால் எத்திசையில் சுழன்றாலும் சுழிகள் ஐந்து.

அப்படியானால் 137½ என்ற அந்தக் கோணம் மட்டும் எங்கிருந்து வந்தது? முழு வட்டத்தை மேற்சொன்ன 1.618 விகிதத்தில் இரண்டாகப் பிரித்தால் சிறிய பாகம் 137.5 பாகைதான். அதன் சிறப்பை அறிய, சூரியகாந்தியின் தலையில் விதைகளை நாமே அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விதைக்கும் கால் வட்டம் திரும்பினால் நான்கு கோடுகளில் விதைகள் வரிசைகட்டி நிற்கும். இடையிலுள்ள இடமெல்லாம் பாழ். எந்தப் பின்னத்தை எடுத்தாலும் கதி இதுவே. பின்னத்தின் கீழ் எண் எதுவோ அத்தனை கோடுகள். பின்னமாக எழுத முடியாத எண்ணை எடுத்தால் போதுமோ என்றால், அதுவும் போதாது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் பின்னமாகாத எண்தான். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த 22/7 அதற்கு மிக அருகில் இருக்கிறது. ஒவ்வொரு விதைக்கும் அந்த அளவு சுற்றித் திரும்பினால், ஏழு விதைக்கு ஒருமுறை ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து, பூவில் ஏழு கைகள் முளைத்துவிடும். கணக்குப் போடுகிறவனுக்குச் சௌகரியமான எண் பூவுக்கு உதவாத எண். எந்தச் சிறிய பின்னத்துக்கும் எளிதில் பிடிகொடாத எண் பூவுக்கு வேண்டும். எண்கள் அனைத்திலும் பின்னத்துக்கு மிகக் குறைவாகப் பிடிகொடுப்பது ஐங்கோணத்தின் இந்த விகிதமே என்பது 1891ஆம் ஆண்டில் கணிதவியலார் ஹுர்விட்ஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து கிடைக்கிறது.

இதைக் கேட்டவுடன், செடிக்கு இத்தனை கணிதம் எப்படித் தெரியும் என்று பரவசப்படுவது சுலபம். செடிக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்பதே உண்மையான பரவசம். ஜெர்மானியத் தாவரவியலார் ஹாஃப்மைஸ்டர் 1868ஆம் ஆண்டிலேயே, குருத்து நுனியில் புதிய இலை அரும்பும் இடம், முந்திய அரும்புகளுக்கு இடையே மிகப் பெரிய இடைவெளி எதுவோ அதுதான் என்று சொல்லிவிட்டார். ஊடுபுள்ளியேதான்! 1992ஆம் ஆண்டில் பாரிஸில் துவாடி, கூடே என்ற இரண்டு பௌதிகவியலார் உயிரே இல்லாத பொருளைக்கொண்டு இதைச் செய்து காட்டினர். எண்ணெய் நிரப்பிய தட்டின் நடுவில், காந்தத்தன்மை கொண்ட திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். காந்தப்புலம் ஓரத்தில் வலுவாக இருந்தமையால் ஒவ்வொரு சொட்டும் வெளிநோக்கி நகர்ந்தது. சொட்டுகள் ஒன்றையொன்று விலக்கின. மெதுவாக விட்டபோது, புதிய சொட்டு முந்திய சொட்டுக்கு நேர் எதிரே சென்றது. ஏனெனில் அது ஒன்றை மட்டுமே பார்த்தது. சற்று விரைவாக விட்டபோது, முந்திய சொட்டோடு அதற்கும் முந்தியதும் அருகிலேயே இருக்க, புதியது இரண்டுக்கும் ஒதுங்க வேண்டியதாயிற்று. கோணம் 180இலிருந்து இறங்கி, வேகம் கூடக்கூட 137½ஐ நெருங்கி நின்றது. செடியில் அந்த விலக்கத்தைச் செய்வது ஆக்ஸின் என்ற வளர்ச்சிப் பொருள். வளர்கின்ற அரும்பு தன்னைச் சுற்றியுள்ள ஆக்ஸினை ஈர்த்துக்கொள்வதால் அருகில் இன்னொரு அரும்பு தலைதூக்க இயலாமல் போகிறது என்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஆய்வாளர்கள் 2003இல் காட்டினர். அரும்பு தூரத்தைப் பார்ப்பதில்லை, முழுப் பூவை அறியாது. பக்கத்திலுள்ளவர்களுக்கு ஒதுங்குகிறது, அவ்வளவே.

இந்த உண்மை இவ்வளவு அழகாக இருக்கும்போது, அதன்மேல் பொய் நகைகளைச் சூட்டுகிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. நாட்டிலஸ் என்ற கடற்பிராணியின் ஓட்டுச் சுருளை, தங்க விகிதம் எனப்படும் அந்த 1.618க்கு உதாரணமாக அச்சிடாத புத்தகம் அபூர்வம். அந்த விகிதத்துச் சுருள் சுற்றுக்கு ஏறத்தாழ 6.85 மடங்கு பெருகவேண்டும், நாட்டிலஸின் ஓடோ சுற்றுக்கு மூன்று மடங்கை ஒட்டித்தான் பெருகுகிறது. செம்பருத்திக்கு ஐந்து இதழ் என்று காட்டுகிறவர்கள், இட்லிப்பூவுக்கும் கடுகுப்பூவுக்கும் நான்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். துளசியிலும் எருக்கிலும் இலைகள் எதிரெதிர் ஜோடியாக, ஒரு ஜோடிக்கு அடுத்தது குறுக்காக, நாற்புறமும் நேர்கோட்டில் ஏறுகின்றன. ஆண்டு முழுவதும் நம் முற்றத்தில் நிற்கும் துளசிக்கு ஹேமசந்திரரின் வரிசை வேண்டியிருக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு அரும்புகள் எதிரெதிராகப் பிறந்தால், அடுத்த இரண்டுக்கும் மிகப் பெரிய இடைவெளி குறுக்கேதான் இருக்கிறது என்பதால், அதே விதி அங்கே வேறு உருவம் கொள்கிறது.

கணிதவியலார் ஆலன் டூரிங் தம் கடைசி ஆண்டுகளில் மான்செஸ்டரில் சூரியகாந்தியின் சுழிகளைப் பற்றிச் சிந்தித்து, அந்த ஆராய்ச்சி முற்றுப்பெறாமலே 1954இல் மறைந்தார். அவருடைய நூற்றாண்டான 2012இல், மான்செஸ்டரின் அறிவியல் தொழில் காட்சிசாலை பொதுமக்களைச் சூரியகாந்தி வளர்த்து எண்ணுமாறு அழைத்தது. 657 பூக்களின் விவரங்கள் சேர்ந்தன. முடிவுகள் 2016இல் வெளிவந்தன. நம்பத்தக்க கணக்குகள் என்று தேர்ந்தெடுத்த 768 சுழித்தொகைகளில் 565 இந்த வரிசையைச் சேர்ந்தவை. வேறு 67 தொகைகள் இதே விதியின் வேறு தொடக்கத்திலிருந்தோ மடங்கிலிருந்தோ கிளைத்தவை போன்ற உறவினங்கள். எஞ்சியவை எதிலும் சேராதவை. அவற்றில் 33, 54 போல வரிசை எண்ணுக்கு ஒன்று குறைந்தவை, 35, 56 போல ஒன்று கூடியவற்றைக் காட்டிலும் தெளிவாக அதிகம். அந்த ஆய்வாளர்கள் பிசகிய பூக்களை ஒதுக்கி எறியாமல், ஒழுங்கானவற்றோடு சேர்த்து அட்டவணையில் ஏற்றியதை நான் பெரிதும் போற்றுகிறேன். 34ஐயும் 55ஐயும் மட்டும் விளக்குகிற சித்தாந்தங்கள் ஏற்கெனவே பல இருக்கின்றன, அவற்றுள் எது மெய் என்று தேரவேண்டுமானால், அது 33க்கும் 54க்கும் பதில் சொல்கிறதா என்றுதான் இனிக் கேட்கவேண்டும்.